மொட்டை மாடியில் ஏரிக்கரை

என் வீட்டுக்காரர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேட்டர். சுவரைக் காட்டினால் எத்தனை செங்கல் என்பார். செங்கல்லைக் காட்டினால் அதில் எத்தனை உடையும் என்பார். உடைவதற்கென்றே நூற்றுக்கு ஐந்து சேர்த்துப் போடுவார். அதற்குப் பெயர் சேதாரம். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பிறகு வாய் தானாக மூடிக்கொண்டது.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். பெரிய அடுக்குமாடி கட்டுவதற்கு முன்னால் மாதிரி வீடு என்று ஒன்றைக் கட்டுவார்கள். அதில் சோபா உண்டு, கட்டில் உண்டு, மேசைமேல் பிளாஸ்டிக் ஆப்பிள் உண்டு, சுவரில் அட்டையால் செய்த டிவி உண்டு. அந்த ஒரு வீட்டுக்கு என்ன செலவானது என்று தெரிந்துவிட்டால் மொத்தக் கட்டடத்துக்கும் தெரிந்த மாதிரிதான். இவருக்கு அந்த மாதிரி வீட்டின்மேல் அப்படி ஒரு மயக்கம். "அங்க குழாயத் திறந்தா தண்ணி வராது. அதனால ஒழுகவும் ஒழுகாது" என்பார், ஏதோ சொர்க்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்போல.

இந்த மனிதரிடம் போய் நான் ராட்டினம் கேட்டேன்.

வருடா வருடம் இலை உதிர ஆரம்பித்ததும் ஊர்க்கோடியில் இருக்கும் ஏரிக்கரையில் விழா போடுவார்கள். விளக்கு, கடைகள், படகு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ராட்சத ராட்டினம். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்றால் கூரைகளுக்கு மேலே அதன் மேல் பாதி தெரியும். வாடிக்கையாளருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "அதோ, அந்த ராட்டினம் தெளிவாத் தெரியுதா பாருங்க" என்பேன். கூண்டின் நிறம்வரை சொல்வார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அந்த ராட்டினத்தைக் காட்டியவள் நான். ஒரு தடவைகூட ஏறியதில்லை. இந்த வருடம் என்னவோ அது மனசில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஏறியாக வேண்டும். அதுவும் எல்லோரோடும் சேர்ந்து ஏற வேண்டும். விழா ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

"போலாம்" என்றார். இரண்டு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். முந்தின வருடத்துக்கு முந்தின வருடம், இவர் பட்ஜெட் போட்டு முடிப்பதற்குள் ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். போன வருடம் தலைகீழாக நின்று நேரத்துக்கு முடித்துவிட்டார். அன்று பார்த்து பஸ் கட்டணம் ஏறிவிட்டது. "அஸ்திவாரமே ஆடிப்போச்சு" என்று மொத்தத்தையும் கிழித்துப் போட்டார். மகள் சின்னவளாக இருந்தபோது எந்தக் கணக்கும் இல்லாமல் போய்விட்டுத்தானே வந்தோம் என்று கேட்டால், "அப்ப நான் ஜூனியர்" என்று பதில் வரும்.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் வீட்டில் எதற்கோ பணம் இல்லை என்று அர்த்தம்.

"இந்தத் தடவை ஒரு மாதிரி கட்டிப் பாத்துடலாம்."

"எதுக்கு மாதிரி?" என்றேன்.

"பயணத்துக்குத்தான். நாளைக்குக் காலையில வீட்டுலயே ஒரு தடவை போய்ட்டு வந்துடுவோம். பஸ்ஸு, கடை, படகு, ராட்டினம், எல்லாம். என்ன செலவாகுதுன்னு கண்ணு முன்னாடி தெரிஞ்சுடும். நான் எடுத்து வச்சிருக்கற பணத்துக்குள்ள அடங்கிச்சுன்னா சாயங்காலம் நிஜமாவே கிளம்பிடலாம்."

இவருக்கு யாராவது நல்ல புத்தி சொல்ல மாட்டார்களா என்று மேசையைச் சுற்றிப் பார்த்தேன். மாமனார் இருந்தார், வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "வண்டிய யாரு எடுக்கறது?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு எதிரில் என் தம்பி. பிஸ்கட் கம்பெனியில் கடை கடையாக ஏறி இறங்கும் விற்பனையாளன்; எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறான். "கடையெல்லாம் என் பொறுப்பு அத்தான்" என்று துள்ளினான். மிச்சம் இருந்தது என் மகள்.

"நாம இப்படின்னு வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க. அது போதும்" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

"ஆனா நிஜக் காசுதான் குடுக்கணும்" என்று இவர் விரலை உயர்த்தினார். "காசு கைமாறினாத்தான் வலிக்கும். வலிச்சாத்தான் கணக்கு சரியா வரும்."

சாயங்காலம் நிஜமாகவே போகலாம் என்ற ஒரு சொல்லுக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரக் கூத்துதானே, ஆடிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ஹாலில் நாற்காலிகள் இரண்டிரண்டாக வரிசையில் நின்றன. முன்னால் ஒற்றை நாற்காலியில் மாமனார், பீரோவின் அடியிலிருந்து எடுத்த பழைய காக்கிச் சட்டையில். கையில் ஸ்டியரிங்குக்கு எவர்சில்வர் தட்டு. தம்பி தோளில் பையை மாட்டிக்கொண்டு, "ஏறு ஏறு, படியில நிக்காத" என்று காலியான கதவைப் பார்த்துக் கத்தினான். எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தோம். எனக்கும்தான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பேச்சு வரும்.

பஸ் பயணம் என்றால் சும்மா இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்திருப்பது என்று நினைத்த நான்தான் முட்டாள். மாமனார் ஏரிக்கரை வரைக்கும் ஓட்டினார். மார்க்கெட் சிக்னலில் நின்றார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினார். நாங்களும் அரை அங்குலம் எழும்பி உட்கார்ந்தோம், எழும்பாவிட்டால் கண்ணாடியில் முறைப்பார். கண்ணாடி கிடையாது. ஆனாலும் முறைப்பது தெரிந்தது. அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து எழுந்தேன்.

"வண்டி ஓடிட்டு இருக்கும்மா! உக்காரு!" என்று அதட்டினார்.

"பால் பொங்குது மாமா."

"ஸ்டாப்பிங் வரட்டும்."

ஸ்டாப்பிங் வருவதற்குள் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்த வாசனை பஸ் முழுக்க வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மடியில் வைத்திருந்த காகிதத்தில், "பால், சேதாரம்" என்று குறித்துக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்கும் பொங்கியது. அடக்கிக்கொண்டேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. மாமனார் தட்டைப் பிடித்தபடி நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"என்ன மாமா, ஏன் நிக்குது?"

"கடைசி நாள் இல்லயா, முன்னாடி ஒரே கூட்டம்."

மகள் பொறுமை இழந்து இறங்கி நடந்து தன் அறைக்குப் போனாள். "நடுவுல இறங்கினா காசு திரும்பக் கிடைக்காது" என்று அவள் அப்பா பின்னாலேயே சொன்னார். மற்ற நாங்கள் கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது.

ஏரிக்கரை மொட்டை மாடியில் இருந்தது. எங்கள் கட்டடத்தின் மாடித் தளத்துக்குத் தண்ணீர் வடியும் வாட்டம் சரியில்லை. மழை பெய்தால் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி, எதிர் மரத்தின் இலையெல்லாம் அதில் மிதக்கும். அதுதான் ஏரி. அதற்குள் மடக்குக் கட்டிலை இறக்கியிருந்தான் தம்பி. அது படகு. துணி தேய்க்கும் மேசைதான் கடை. மேசைமேல் வறுத்த கடலையும், அவன் கம்பெனியில் கடைக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுக்கச் சொன்ன சின்னச் சின்ன பிஸ்கட் பொட்டலங்களும். ஒவ்வொன்றிலும் 'விற்பனைக்கு அல்ல' என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

"பொட்டலம் எவ்வளவு?" என்று இவர் கேட்டார்.

தம்பி சொன்ன விலையைக் கேட்டு இவர் ஒரு அடி பின்னால் போனார். "ஏன்டா, கீழ கடையில அதுல பாதி விலைக்குக் கிடைக்குமே!"

"அப்ப கீழ கடைக்கே போங்க சார். இது விழா ரேட்டு."

"நான் உன் அத்தான்டா."

"எல்லாரும் இங்க வந்து அப்படித்தான் சார் சொல்றாங்க. கூட்டத்தப் பாருங்க, சீக்கிரம் வாங்குங்க."

"எங்கடா கூட்டம்?"

"வரும். வந்தா இன்னும் ஏறும்."

வெட்கக்கேடு என்னவென்றால், அவன் சொன்னபடியே வந்தது. கீழ்வீட்டுப் பல் டாக்டர் ஈரத்துணி வாளியோடு மாடிக்கு வந்தார். படகுக்காக நானும், அறையிலிருந்து வந்துவிட்ட மகளும், மாமனாரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். வாளியைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எதுக்கு லைனு?"

"படகுக்கு டாக்டர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"எவ்வளவு வாங்கறாங்க?"

சொன்னேன். "போன வருஷத்துக்கு இது ரொம்ப ஜாஸ்தி" என்று அலுத்துக்கொண்டே பர்ஸை எடுத்தார். போன வருடம் இந்த இடத்தில் பாசியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அவர் முறை வந்ததும் கட்டிலில் ஏறி, வேட்டியை மடக்கிக்கொண்டு, ஒரு கையைத் தண்ணீரில் விட்டு ஆனந்தமாக உட்கார்ந்திருந்தார். பிறகு கீழே போய் மனைவியைக் கூட்டிவந்தார். அந்த அம்மாள் பாதி சவாரியில் தலை சுற்றுகிறது என்று இறங்கிவிட்டார். அவர்கள் சொல்லி அடுத்த வீட்டார் வந்தார்கள். அடுத்த வீட்டார் உறவுக்காரர்களைப் போன் போட்டு அழைத்தார்கள். மத்தியானம் சாய்வதற்குள் மாடியில் கால் வைக்க இடமில்லை. தம்பி கடலை விலையை மூன்று தடவை ஏற்றிவிட்டான். இடுப்பில் கட்டியிருந்த சுருக்குப் பை புடைத்துக்கொண்டிருந்தது. கடலை தீர்ந்தபோது பொட்டுக்கடலையை எடுக்க என் சமையலறைக்கே போனான்.

என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. தோளால் இடித்துக்கொண்டு போகிறவர்களை எல்லாம் பூரிப்போடு பார்த்தார். "பாத்தியா? கூட்டத்தோட மாதிரி கட்டறதுக்கு யாருக்குக் குடுத்து வச்சிருக்கு?" என்றார்.

"மணி என்ன ஆச்சு தெரியுமா?" என்றேன். "நிஜ விழாவுக்கு எப்பக் கிளம்பறது?"

"இது முடியட்டும். ராட்டினம் பாக்கி இருக்கே. அப்புறம் திரும்பி வர்ற பஸ்ஸு இருக்கு."

வெயில் இறங்கிவிட்டது. மாமனார் திரும்பி வரும்போதும் அதே வேகத்தில்தான் ஓட்டுவார். பாலத்தில் நிற்பார். அதற்குள் அங்கே ஏரிக்கரையில் விளக்கை அணைத்துவிட்டு, ராட்டினத்தை இந்த வருடமும் லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

மாடியின் நடுவில் தண்ணீர்த் தொட்டி. அதில் இரும்பு ஏணி. ஏறி, மேலே கொஞ்ச நேரம் உட்கார்ந்து, இறங்கினால் ஒரு சுற்று. அதுதான் ராட்டினம். மகள் முதலில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்கேருந்து அந்த நிஜ ராட்டினம் சுத்தறது நல்லாத் தெரியுது!" என்று கத்தினாள். எல்லோரும் அதைப் பார்க்கத்தான் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள்.

இவர் தம்பியிடம் டிக்கெட் வாங்கினார். மகளுக்கு ஒன்று. அப்பாவுக்கு ஒன்று. தனக்கு ஒன்று. பிறகு தன் செருப்பைக் கழற்றினார், மாமனாரும் கழற்றினார், மகளும் மேலிருந்து தன் செருப்பைப் போட்டாள். மூன்று ஜோடியையும் என் கையில் இருந்த பெரிய பையில் திணித்தார். மேலே தன் போனையும் போட்டார். மகளின் தண்ணீர் பாட்டிலையும் போட்டார். போட்டுவிட்டு ஏணியில் கால் வைத்தார்.

"என் டிக்கெட் எங்க?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கிண்டல் இல்லை, கஞ்சத்தனம் இல்லை, நிஜமான ஆச்சரியம். அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"உனக்கா? நீ ஏற மாட்டியே."

"யாரு சொன்னா?"

"நீதான். பாப்பா சின்னதா இருக்கறப்ப போவோமே, ஒவ்வொரு தடவையும் கேப்பேன். 'எனக்கு ஒண்ணும் வேணாம், நான் கீழ நின்னு பைய பாத்துக்கறேன்'னு சொல்லுவ. அதனால உனக்குப் போடல. பஸ்ஸுக்கு மட்டும் போட்டேன். பைய தூக்கிட்டு வரணும்ல."

அப்போதுதான் யோசித்தேன். காலையிலிருந்து கடலை வாங்கினார்கள், நான் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படகு வரிசையில் அவ்வளவு நேரம் நின்றேன், என் முறை வந்தபோது டாக்டர் ஏறினார். சிந்திப்போகும் கடலைக்குப் பணம் ஒதுக்கியிருந்தார். பொங்கிய பாலுக்கு ஒதுக்கியிருந்தார். நூற்றுக்கு ஐந்து, சேதாரம். எனக்கு அதுகூட இல்லை.

வேணாம் என்று நான் சொன்னது உண்மைதான். சொல்லாத பெண் எங்கே இருக்கிறாள்? குழந்தை ஏற ஆசைப்படுகிறது, கையில் இருக்கும் காசு இவ்வளவுதான், பையைப் பிடிக்க ஆள் வேண்டும். வாய் தானாக வேணாம் என்கிறது. இன்னொரு தடவை 'சும்மா வா' என்று கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று சொல்கிற வேணாம் அது. அதைப் போய் அஸ்திவாரமாகப் போட்டு இத்தனை வருடம் மேலே மாடி மாடியாகக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார் இந்த மனிதர்.

"சரி, வேணும்னா சொல்லு. அடுத்த வருஷத்துக்குச் சேத்துக்கறேன்" என்றார்.

நேராகத் தம்பியிடம் போனேன்.

"சுருக்குப் பைய குடுடா."

"அக்கா, அது கல்லாக்கா. வியாபாரத்து நடுவுல..."

என் முகத்தில் என்ன பார்த்தானோ, அவிழ்த்துக் கொடுத்துவிட்டான். ஏழெட்டு வயதிலிருந்து அவனுக்கு அந்த முகம் தெரியும். நான் படியிறங்கினேன். பின்னால் என் வீட்டுக்காரர், "பை! பைய எங்க எடுத்துட்டுப் போற?" என்று கேட்டது காதில் விழுந்தது. கேட்டது பையைத்தான்.

நிஜ பஸ்ஸை மாமனார் பார்த்திருந்தால் ரத்தக் கொதிப்பு வந்திருக்கும். கதவே மூடவில்லை. சிக்னலா, வேகத்தடையா, எதுவும் அந்த டிரைவருக்குத் தெரியாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏரிக்கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். எங்கள் மாடியோடு பார்த்தால் இங்கே கூட்டமும் குறைவுதான். பாதிக் கடைகளில் சாமானை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் இலை. ராட்டினம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடினேன். வீட்டுச் செருப்பும், தோளில் மூன்று ஜோடி செருப்புப் பையுமாக, என் வயதில் ஒருத்தி ஓடுவதைப் பார்த்து வழிவிட்டார்கள்.

"டிக்கெட் குடுப்பா, ஒண்ணு."

ராட்டினக்காரர் கூண்டின் கதவைத் திறந்துவிட்டு என் தோளைப் பார்த்தார். "பையோட ஏறக் கூடாதும்மா. கீழ யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க."

"யார்கிட்ட குடுக்கறது? பைய பாத்துக்கற ஆளே நான்தான்."

"அது உங்க சௌகரியம். ஆளுக்குத்தான் டிக்கெட், பைக்குக் கிடையாது."

"கிடையாதுன்னா போடுங்க. இதுக்கும் ஒரு டிக்கெட்."

அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கடைசி நாள் என்று நினைத்தாரோ என்னவோ, காசை வாங்கிக்கொண்டார். பை எனக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்தது. அதற்கும் குறுக்குக் கம்பியை இழுத்துப் பூட்டினார். மாடியில் எனக்குக் கிடைக்காதது என் பைக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தேன். சிரிக்கும்போதே கூண்டு தூக்கிக்கொண்டு மேலே போனது.

என்ன சொல்வது. தரை நழுவியது, அடிவயிறு நழுவியது, ஏரி முழுக்க விளக்கு நீளமாக நெளிந்தது. தூரத்தில் கண்ணாடிக் கடையின் பெயர்ப் பலகை தெரிந்ததா இல்லையா என்று தேடினேன். உச்சிக்குப் போனதும் ராட்டினம் நின்றது. கீழே யாரையோ ஏற்றுகிறார்கள். காற்றில் கூண்டு ஆடியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வாய்விட்டுக் கத்த வேண்டும்போல அவ்வளவு சந்தோஷம். அடுத்த நிமிடமே அழுகை வந்தது. 'ஏய், அங்க பாரு' என்று சொல்வதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. எதிரில் செருப்புகள் இருந்தன.

பை அடித்தது. அதற்குள் அவர் போன். திரையில் மாமனாரின் எண்.

"ஹலோ, எங்க இருக்க?" என் வீட்டுக்காரர்தான். "எங்க செருப்பெல்லாம் உன் பையில இருக்கு."

"இருக்கு. எதிர்லதான் உக்காந்திருக்கு."

"எங்க?"

"மேல."

"தொட்டி மேலயா? அங்க டாக்டர்தானே இருக்காரு?"

"ஏரிக்கரையில இருக்கேங்க. நிஜ ஏரிக்கரையில. நிஜ ராட்டினத்துல உச்சியில நிக்கறேன்."

அவருக்குப் பின்னால் மாமனார் யாரையோ, "படியில தொங்காத, உள்ள வா" என்று அதட்டுவது கேட்டது. திரும்பி வரும் பஸ் கிளம்பிவிட்டது போலிருக்கிறது. நிறையப் பேர் ஏறியிருந்தார்கள்.

"தனியாவா போன?" என்றார்.

"தனியாத்தான். எனக்குத்தான் நீங்க போடலையே."

"நீதானே வேணாம்னு..."

"கேட்டீங்களா? இந்த வருஷம் ஒரே ஒரு தடவை கேட்டீங்களா நீங்க?"

இப்போது 'பஸ்ஸுக்கு எவ்வளவு வாங்கினான்' என்று கேட்பார், கேட்டால் இந்தப் போனை அப்படியே ஏரியில் விட்டெறிவது என்று முடிவு செய்து கையைக் கம்பிக்கு வெளியே நீட்டத் தயாராக இருந்தேன்.

"மேல பயமா இருக்கா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. "இருக்கு" என்றேன்.

"கம்பிய கெட்டியாப் புடிச்சுக்கோ. கீழ பாக்காத. நான் வரேன்."

"செருப்பு இல்லாமலா?"

"அது கிடக்கு." மூச்சு வாங்கியது அவருக்கு, பஸ்ஸை நிறுத்தாமலே இறங்கிவிட்டார் போல, மாமனார் கத்துவது தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. "இரு, வந்துடறேன். வந்ததும் உனக்கு என்ன வாங்கித் தரட்டும்?"

"எனக்கு ஒண்ணும் வே..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், வலித்தது. கூண்டு ஒரு உலுக்கு உலுக்கிக் கீழே நகர ஆரம்பித்தது.

"வேணும்" என்றேன்.

"என்ன?"

"வேணும்ங்க. எனக்கு வேணும். நிறைய வேணும்."

"இரு இரு, எழுதிக்கறேன்." தடவும் சத்தம் கேட்டது. சட்டைப் பை, காற்சட்டைப் பை, மறுபடியும் சட்டைப் பை. "பேனாவ காணோம்" என்றார். "பரவாயில்ல. நீ சொல்லு."

சொன்னேன். சூடாகக் கடலை வேண்டும், யாருக்காகவும் பிடித்துக்கொண்டு நிற்காமல் நானே தின்ன வேண்டும். பஞ்சுமிட்டாய் முழுசாக ஒன்று வேண்டும், மகள் தின்று மிச்சம் வைத்த குச்சி வேண்டாம். படகில் முன்னால் உட்கார வேண்டும். குளிருகிறது, ஒரு போர்வை வேண்டும். திரும்பி வரும்போது ஜன்னலோர இருக்கை வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது எனக்கு முன்னால் வேறு யாராவது எழுந்து பால் காய்ச்ச வேண்டும். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை, ஒன்று சொன்னால் அதன் பின்னால் நான்கு நின்றது. அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். ஓடிக்கொண்டே "ம்" என்றார். எதற்கும் விலை கேட்கவில்லை.

கூண்டு கீழே வந்து நின்றது. ராட்டினக்காரர் கம்பியைத் தூக்கி, "இறங்குங்கம்மா" என்றார். நான் இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே சுருக்குப் பையைத் திறந்து, எனக்கும் எதிரில் இருந்த பைக்கும் இன்னொரு சுற்றுக்குக் காசை எடுத்து நீட்டினேன்.